வீடு தேடி வரும் கவனிப்பு



முன்பெல்லாம் தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. காலையில் பெரட்டு முடிந்ததும் தோட்டத்து மருந்தகத்தின் முன்னால் வரிசை நிற்கும். டிரசர் ஐயா நாக்கைப் பார்ப்பார். கண்ணை இழுத்துப் பார்ப்பார். மருந்தைக் கொடுத்து அனுப்புவார். சற்றுக் கடுமையான நோயானால் லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார். பிள்ளைப்பேறு என்றால் மருத்துவச்சி லயத்துக்கே வந்துவிடுவாள்.

அந்தக் காலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. நம் மக்களில் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டார்கள். செம்பனைத் தோட்டங்களில் இன்றும் இருக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் எங்கே இருந்தாலும் நம் வீடுகளில் நோயின் தன்மை மாறிவிட்டது. அன்று மலேரியாக் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் நம்மை வாட்டின. மருந்து கொடுத்தால் குணமாகிற நோய்கள் அவை. இன்று நம்மை வாட்டுபவை நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட மிகுதி.

இந்த நோய்கள் ஒரு வாரத்தில் குணமாவன அல்ல. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றிவிடுவார்கள். பிறகு, "இனி வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். மூக்கில் உணவுக் குழாய் இருக்கும். சிறுநீர்க் குழாய் இருக்கும். ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் கிடக்கும். மகனுக்கு வேலை, மருமகளுக்கு வேலை, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். யார் கவனிப்பது? இந்த இடத்தில்தான் வீடு தேடி வரும் மருத்துவக் கவனிப்பு நமக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கவனிப்பு எப்படி இருக்க வேண்டும், அது தரமானதா இல்லையா என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது, தரம் குறைந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

முதலில், இப்படிப்பட்ட கவனிப்பு எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அரசாங்கம். சுகாதார அமைச்சு 2014ஆம் ஆண்டில் இல்லப் பராமரிப்புச் சேவையைத் தொடங்கியது. மலாயில் இதைப் 'பெர்க்கிட்மாத்தான் பெராவாத்தான் டொமிசிலியாரி' என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, படுக்கையிலேயே இருக்கிற, ஆனால் உடல்நிலை கட்டுக்குள் இருக்கிற நோயாளிகளுக்கு உரிய சேவை இது. சுகாதார நிலையத்தின் குழுவினர் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், குழாய்களை மாற்றுவார்கள், கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அதோடு வீட்டில் இருப்பவருக்கும் அந்த வேலைகளைக் கற்றுக் கொடுப்பார்கள். ஆகவே வீட்டில் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எல்லா இடங்களிலும் இச்சேவை இல்லை. எனவே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே, "எங்கள் பகுதியில் இந்தச் சேவை உண்டா, எங்கள் பெயரை எழுதிக்கொள்வீர்களா?" என்று வார்டுத் தாதியிடம் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கேட்பதைவிட அங்கேயே கேட்பது எளிது.

இரண்டாவது வழி, தரும அமைப்புகள். எடுத்துக்காட்டாக, 1991ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா என்னும் அமைப்பு, கிள்ளான் பள்ளத்தாக்கில் புற்றுநோய் போன்ற தீராத நோயால் வருந்துவோரின் வீடுகளுக்கே சென்று, கட்டணம் வாங்காமல், வலியைத் தணிக்கும் சிகிச்சையை அளித்து வருகிறது.

மூன்றாவது வழி, தனியார் நிறுவனங்கள். மணிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு தாதியையோ பராமரிப்புப் பணியாளரையோ அனுப்புவார்கள். இவற்றில் நல்லவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. பணம் நம்முடையது, உடம்பு நம் தாயுடையது. ஆகவே நாம் விழிப்பாக இருக்க வேண்டியது இங்கேதான் அதிகம்.

வீடு தேடிச் சென்று நோயாளியைக் கவனிக்கும் தொழில் எப்படித் தோன்றியது என்பதைத் தெரிந்துகொண்டால், அதில் தரம் என்றால் என்ன என்பதும் நமக்கு விளங்கும். இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே வில்லியம் ராத்போன் என்ற வணிகர் இருந்தார். 1859ஆம் ஆண்டில் அவருடைய மனைவி நோயுற்று இறந்தார். அந்த அம்மையாரை வீட்டிலேயே இருந்து கவனித்தவர் மேரி ராபின்சன் என்ற தாதி. பணக்காரரான தம் வீட்டிலேயே அந்தத் தாதியின் உதவி இவ்வளவு ஆறுதலாக இருந்ததென்றால், ஒன்றுமில்லாத ஏழைகளின் வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும் என்று ராத்போன் எண்ணினார். மூன்று மாதம் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணியாற்றும்படி அதே தாதியை அமர்த்தினார். ஒரு மாதம் முடிவதற்குள் அவர் கண்ணீரோடு திரும்பி வந்து, அந்த வறுமையைக் காணத் தம்மால் இயலவில்லை என்றார். ராத்போன் அவரைத் தேற்றி மறுபடியும் அனுப்பினார். மூன்று மாதம் நிறைவதற்குள், எழுந்து நடக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்தவர்களில் சிலர் எழுந்து நடமாடியதைக் கண்டார்கள்.

பிறகு இன்னும் பல தாதியரை அமர்த்தலாம் என்று ராத்போன் தேடினார். பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கவில்லை. புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரிடம் யோசனை கேட்டார். தாதிகள் வேண்டுமானால் முதலில் அவர்களைப் பயிற்றுவிக்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. அதன்படி 1862ஆம் ஆண்டில் லிவர்பூல் மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளி எழுந்தது. பட்டணத்தை 18 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு தாதி என்று பணி நடந்தது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. இரக்கம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பது ஒன்று. கவனிப்பு நல்ல கவனிப்புத்தானா என்பதை நோயாளியின் உடம்பே காட்டிவிடும் என்பது மற்றொன்று. வந்தவர் சிரித்துப் பேசினாரா, வெள்ளை உடுப்புப் போட்டிருந்தாரா என்பதெல்லாம் பிறகு. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தாரா என்பதுதான் முதல் கேள்வி.

நம் முன்னோர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகச் சொல்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மருந்து எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், உடனிருப்பவர் சரியாக இல்லாவிட்டால் நாற்காலியின் ஒரு கால் ஒடிந்த கதைதான்.

அமெரிக்காவில் இதை ஓர் ஒழுங்குமுறையாகவே செய்திருக்கிறார்கள். அங்கே முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டத்தில் பணம் பெறுகிற வீட்டு மருத்துவ நிறுவனங்கள், நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும்போது அவர் நிலையை ஒரே மாதிரியான படிவத்தில் எழுத வேண்டும் என்று 1999ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். பணி முடியும்போது மறுபடியும் எழுத வேண்டும். நடப்பதில் முன்னேற்றம் உண்டா? படுக்கையிலிருந்து எழுந்திருப்பதில், குளிப்பதில் முன்னேற்றம் உண்டா? மருந்தைச் சரியாக உட்கொள்கிறாரா? மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்ததா? இப்படிக் கேட்டு, ஒவ்வொரு நிறுவனத்தின் பலனையும் 2003ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்த்து ஒப்பிடும்படி வெளியிட்டார்கள். எந்த நிறுவனம் நன்றாகச் செய்கிறது என்பதை நோயாளியின் மகளே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்ட பட்டியல் நம் கையில் இல்லை. ஆனாலும் அதே கேள்விகளை நம் வீட்டிலேயே நாம் கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஐந்து சோதனைகள் போதும். ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதல் சோதனை, தோல். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வருகிற புண்ணைப் படுக்கைப்புண் என்கிறோம். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. அங்கே இரத்தம் ஓடாமல் சதை செத்துவிடுகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை ஆகியவை இந்தப் புண் வருகிற இடங்கள். வெளுத்த தோலில் முதலில் சிவப்பாகத் தெரியும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமலே போகலாம். அக்கம்பக்கத்துத் தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

"வயதாகிவிட்டது, படுக்கையில் கிடந்தால் புண் வரத்தானே செய்யும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நேயர்களே, இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிட வேண்டும். படுக்கைப்புண்களில் பெரும்பாலானவற்றை வராமல் தடுக்க முடியும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும். தோலை ஈரமில்லாமல் வைக்க வேண்டும். கன்றிய இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. அது கெடுதலை அதிகமாக்கும். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் நல்லதல்ல. காற்று மெத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோமே, பக்கம் மாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். கண்டிப்பாக மாற்ற வேண்டும். மெத்தை துணை செய்யும். ஆள் செய்யும் வேலையை அது செய்யாது. வருகிற தாதி ஒவ்வொரு முறையும் நோயாளியின் முதுகையும் குதிகாலையும் திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்ப்பவர் தொழில் தெரிந்தவர்.

இரண்டாவது சோதனை, நடமாட்டம். சென்ற மாதம் பிடித்துத் தூக்கினால்தான் உட்கார்ந்தார். இந்த மாதம் தானே கட்டிலைப் பிடித்து உட்காருகிறாரா? பக்கவாதம் வந்தவருடைய விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது பெருந்தவறு. தோள் மூட்டு நழுவிவிடும், வலி ஓயாது. நல்ல பணியாளர் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து, முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து எழுப்புவார். நோயாளி தானே செய்யக்கூடியதை அவரையே செய்ய விடுவார். ஊட்டிவிடுவது விரைவான வேலைதான். ஆனால் தாமதமானாலும் பரவாயில்லை என்று கரண்டியை அவர் கையில் கொடுக்கிறவரே அவரை எழுந்து நடக்க வைப்பார்.

மூன்றாவது சோதனை, மருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து புதிய மருந்து வருகிறது. வீட்டில் பழைய மருந்தும் இருக்கிறது. ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு பொட்டலமாக இருக்கும். இரண்டையும் கொடுத்தால் இரட்டிப்பு மருந்து போய்விடும். முதல் நாள் வருகிற தாதி எல்லாப் பொட்டலங்களையும் மேசை மேல் பரப்பச் சொல்லி, எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துப் பட்டியல் எழுதித் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு வந்து சொல்ல வேண்டும். நாட்டு மருந்தோ கஷாயமோ கொடுத்தால் அதையும் நாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர், நோயாளி சாப்பிடுவாரா என்று தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு ஆகியவை சர்க்கரை குறைந்துபோனதற்கு அடையாளம். இரத்தச் சர்க்கரை 4க்குக் கீழே போனால் ஆபத்து. விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 999க்கு அழைக்க வேண்டும்.

நான்காவது சோதனை, குழாய்களும் சுத்தமும். வந்தவர் முதலில் செய்கிற காரியம் என்ன என்று பாருங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறாரா? மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறாரா? படுத்த வாக்கில் கொடுத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக் காய்ச்சல் வந்துவிடும். கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் சாய்ந்தே இருக்க வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது. பையை மடியில் வைத்துக்கொண்டு தூக்கினால் சிறுநீர் பின்னோக்கி ஓடும், காய்ச்சல் வரும்.

ஐந்தாவது சோதனை, ஆஸ்பத்திரிப் பயணம். தடுத்திருக்கக்கூடிய காரணத்துக்காக மறுபடியும் மறுபடியும் அவசரப் பிரிவுக்கு ஓடுகிறோமா? புண் அழுகியதற்கு ஒரு முறை, குழாய் அடைத்ததற்கு ஒரு முறை, கீழே விழுந்ததற்கு ஒரு முறை என்று போய் வந்தால், வீட்டுக் கவனிப்பில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது பொருள்.

இந்த ஐந்தையும் நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம், பக்கம் மாற்றிய நேரம், கொடுத்த மருந்து, உண்ட உணவு, மலம், சிறுநீர், தோலின் நிலை என்று கோடு போட்டுப் பிரியுங்கள். வருகிற தாதியும் எழுதட்டும்; வீட்டில் இருப்பவரும் எழுதட்டும். பாட்டிக்கு எழுதத் தெரியாவிட்டால் பேரன் எழுதட்டும். தமிழில் எழுதினால் போதும். கிளினிக்குக்குப் போகும்போது இந்தப் புத்தகத்தையும் கையோடு கொண்டு போங்கள். "எப்படி இருக்கிறார்?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லை ஐயா" என்று சொல்லித் திரும்புவதுதான் நம் வழக்கம். அந்த "பரவாயில்லை" என்ற சொல்லால் நாம் இழந்தவை பல. புத்தகத்தை நீட்டுங்கள். அது நமக்காகப் பேசும்.

இனி, தனியார் நிறுவனத்திலிருந்து ஆளை அமர்த்துவதாக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

வருகிறவர் பதிவு பெற்ற தாதியா, பராமரிப்புப் பணியாளரா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டில் தாதியர் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி தாதியர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. குளிப்பாட்டவும் உணவு கொடுக்கவும் நல்ல பயிற்சியுள்ள பணியாளர் போதும். குழாய் மாற்றவும், ஆழமான புண்ணுக்கு மருந்திடவும் பதிவு பெற்ற தாதி வேண்டும். தாதிக்குரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டு பயிற்சியில்லாதவரை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் யார் வந்து நோயாளியைச் சோதித்துக் கவனிப்புத் திட்டத்தை எழுதுவார்? தினமும் ஒரே ஆள் வருவாரா, ஆள் மாறிக்கொண்டே இருப்பாரா? வருகிறவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மாற்று ஆள் உண்டா? மேற்பார்வையாளர் மாதத்தில் எத்தனை முறை நேரில் வந்து பார்ப்பார்? இரவு 2 மணிக்குக் குழாய் கழன்றுவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது? கட்டணத்தில் எது சேரும், எது சேராது? இவற்றுக்கெல்லாம் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை நமக்கு உண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் கவனிக்கிற குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா மாத உதவித்தொகை வழங்குகிறது. வேலையில் ஏற்பட்ட விபத்தாலோ நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்து, எந்நேரமும் பிறர் துணை தேவைப்படுகிற சொக்சோ சந்தாதாரருக்கு இடைவிடாக் கவனிப்புக்கென்று தனிப்படித்தொகை உண்டு. இரண்டுக்கும் மருத்துவரின் அறிக்கை வேண்டும்; நிபந்தனைகளும் உண்டு. அலுவலகத்துக்கு நேரில் சென்று விசாரியுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம்முடைய பழமொழி.

இதுவரை, வருகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசினோம். நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பேசத்தான் வேண்டும். இன்று வீடு வீடாகச் சென்று முதியோரைக் கவனிக்கும் வேலையில் நம் பெண்களும் இருக்கிறார்கள். அன்று தாய் பால் மரம் வெட்டினாள். இன்று மகள் யாரோ ஒரு வீட்டில் ஒரு பெரியவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள். நம் வீட்டுக்கு வருகிறவளும் அப்படி யாரோ ஒருவர் பெற்ற மகள்தானே? நோயாளியைக் கவனிக்க வந்தவளிடம், "அப்படியே இந்தத் துணியையும் துவைத்துவிடு, சமையலையும் பார்த்துக்கொள்" என்று சொல்லலாமா? அவள் துணி துவைக்கிற நேரம், நம் தாயைப் பக்கம் மாற்ற வேண்டிய நேரம். இரவெல்லாம் கண் விழித்தவளைப் பகலிலும் ஓய்வின்றி வேலை வாங்கினால் கை தவறும், மருந்து மாறும். கனமான நோயாளியை ஒரே ஆள் தூக்கினால் அவள் இடுப்பு ஒடியும். நோயாளியும் கீழே விழுவார். ஆகவே பணியாளருக்கு உரிய ஓய்வும், பேசிய கூலியும், தூக்கும்போது ஒரு கை உதவியும் கொடுப்பது நம் தாயின் உடம்புக்கு நாம் செய்கிற பாதுகாப்பே ஆகும்.

அதேபோல, வீட்டில் இருந்து கவனிக்கிற நம் மருமகளையும் மகளையும் மறந்துவிடக் கூடாது. தாதி ஒரு மணி நேரம் வந்து போகிறார். மீதி 23 மணி நேரமும் இவர்களே தாதி. அநேக வீடுகளில் ஒரே ஒரு பெண்ணின் தலையில் முழுப் பொறுப்பும் விழுகிறது. அவளுக்குத் தூக்கமில்லை, கோவிலுக்குப் போக நேரமில்லை, தனக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதையும் பார்த்துக்கொள்ள நேரமில்லை. ஆண்பிள்ளைகளும் பக்கம் மாற்றலாம். பேரனும் மருந்து எடுத்துக் கொடுக்கலாம். தாதி வருகிற நாளில் வீட்டிலுள்ள அனைவரும் அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். "செய்து காட்டுங்கள் மிஸ்ஸி, இப்போது நாங்கள் செய்கிறோம், சரியா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல தாதி மகிழ்ச்சியோடு கற்றுக் கொடுப்பார்.

குறை இருந்தால் என்ன செய்வது? நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. குறையை அந்தந்த ஆளிடம் சொல்லமாட்டோம். அண்டை வீட்டாரிடம் சொல்லிப் புலம்புவோம். அல்லது பேசாமல் ஆளை நிறுத்திவிடுவோம். இதனால் யாருக்கும் நன்மையில்லை. முதலில் வருகிறவரிடமே தன்மையாகச் சொல்லுங்கள். "நேற்று மாலை பக்கம் மாற்றவில்லை போலிருக்கிறது, இந்த இடம் கன்றியிருக்கிறது, பாருங்கள்" என்று புத்தகத்தைக் காட்டிப் பேசுங்கள். திருந்தாவிட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அங்கும் கேட்பாரில்லை என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தேதியோடும் நேரத்தோடும் எழுத்தில் தெரிவியுங்கள். அடிப்பது, திட்டுவது, பட்டினி போடுவது, பணத்தைத் திருடுவது ஆகியவை குறைகள் அல்ல, குற்றங்கள். அவற்றுக்குக் காவல் நிலையம் இருக்கிறது.

நோயாளியின் வாய்மொழியையும் கேட்க வேண்டும். பணியாளர் வந்ததும் பாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாளா? குளிப்பாட்டும்போது கதவைச் சாத்துகிறார்களா, மானத்தை மறைத்துத் துணி போர்த்துகிறார்களா? பேச்சு வராதவருக்கும் கண் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் தனியாக அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஆம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரு முறை விரலை அழுத்தச் சொன்னால், பேச முடியாத பலரும் பதில் சொல்லிவிடுவார்கள்.

நேயர்களே, இன்று படுக்கையில் இருக்கிற நம் பெரியவர்கள், விடியற்காலை இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள். கொசுக்கடியிலும் மழையிலும் மரம் வெட்டி நம்மை ஆளாக்கியவர்கள். எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தே பழகிவிட்டவர்கள். தங்களுக்கு வலிக்கிறது என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிறவர்கள். அவர்களுக்காகக் கேட்க வேண்டிய வாய் நம்முடையது. இன்று இரவு படுக்கப் போவதற்கு முன், வீட்டில் படுத்திருக்கும் பெரியவரின் குதிகாலையும் இடுப்பையும் ஒரு முறை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நாளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.